நின்றுபோன விமானமும் ஒருவரின் இருமலும்: 1977 அலாஸ்கா ஃப்ளூ பரவல், ஒரு நிகழ்வு ஆய்வு

1977 மார்ச் மாதம். அலாஸ்காவில் ஒரு ஜெட் விமானம் கிளம்பப் பார்த்து, எஞ்சின் கோளாறால் முடியாமல் தரையிலேயே நின்றுவிட்டது. உள்ளே 54 பேர். தாமதம் மூன்று மணி நேரம். சிலர் இறங்கிப் போய் வெளியே காத்திருந்தார்கள். பெரும்பாலோர், இதோ சரியாகிவிடும், இதோ கிளம்பிவிடும் என்று இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் விமானத்தின் காற்றோட்ட அமைப்பு ஓடவில்லை.

அந்த 54 பேரில் ஒருவருக்கு விமானத்தில் ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் உடம்பு முடியாமல் போனது. காய்ச்சலும் விடாத இருமலும். அடுத்த 72 மணி நேரத்தில் மீதி 53 பேரில் 38 பேர் படுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே கதைதான்: இருமல், காய்ச்சல், அசதி, தலைவலி, தொண்டை வலி, உடம்பு வலி. நூற்றுக்கு 72 பேர் என்று கணக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், ஓர் ஆண்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கும், குழந்தைகளில் 20 முதல் 30 பேருக்கும் ஃப்ளூ வருகிறது. ஒரு வருடம் முழுக்க நடப்பதைவிடப் பல மடங்கு, ஒரு பிற்பகல் காத்திருப்பில் நடந்துவிட்டது.

இதைப் பற்றிய ஆய்வறிக்கை 1979இல் வெளியானது. கொள்ளைநோய் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் வந்துபோகும் சாதாரண பருவகால ஃப்ளூதான். யாரும் இறந்ததாகப் பேச்சில்லை. ஆனாலும் ஃப்ளூ எப்படிப் பரவுகிறது என்று பேசுகிறவர்கள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த விமானத்துக்குத் திரும்பி வருகிறார்கள். காரணம் எளிது. யார் உள்ளே இருந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், முதலில் யாருக்கு வந்தது, அடுத்து யாருக்கு வந்தது என்று கணக்கு வைக்க முடிந்தது. பேருந்திலோ பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ இது நடக்காது. அங்கே யார் யாரிடமிருந்து வாங்கினார் என்று சொல்லவே முடியாது.

தடுப்பூசி போடு, கை கழுவு, வாயை மூடி இருமு என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். இந்த விமானத்தை வைத்து நான் பார்க்க விரும்புவது வேறு. ஒவ்வொன்றையும் எந்த நேரத்தில் செய்திருந்தால் பலித்திருக்கும்? எந்த நேரம் தாண்டியபின் அது வெறும் சடங்கு?

அது ஃப்ளூதானா?

முதலில் இந்தக் கேள்வியை முடித்துவிடலாம். 53 பேரில் 38 பேருக்குக் காய்ச்சல் என்றால் உடனே ஃப்ளூ என்று எழுதிவிட முடியாது. சளிக்காய்ச்சல் தரும் வைரஸ்கள் ஏராளம். ஆய்வாளர்கள் 31 பயணிகளிடம் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 8 பேரிடம் வைரஸ் வளர்ந்தது. எட்டுதானே என்று தோன்றும். ஃப்ளூ வைரஸ் தொண்டையிலும் மூக்கிலும் சில நாள்தான் இருக்கும்; மாதிரி எடுக்கக் கொஞ்சம் தாமதித்தாலும் கைக்குச் சிக்காது. இன்றைய பிசிஆர் சோதனையும் அப்போது கிடையாது. அதனால் ரத்தத்தையும் பார்த்தார்கள். நோயுற்ற 22 பேரைச் சோதித்ததில் 20 பேருடைய ரத்தத்தில் ஃப்ளூ தொற்றியதற்கான எதிர்ப்புப்பொருள் சான்று கிடைத்தது. அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

வளர்ந்த வைரஸ், ஏ/டெக்சாஸ்/1/77 என்ற எச்3என்2 ரகத்தை ஒத்திருந்தது. இந்தப் பெயர் பார்ப்பதற்குப் பூட்டின் எண் போல இருந்தாலும் படிக்கத் தெரிந்தால் எளிது. ஏ என்பது வகை, அடுத்தது முதலில் கண்ட இடம், அப்புறம் வரிசை எண், கடைசியில் ஆண்டு. 77 என்ற எண்ணைக் கவனியுங்கள். அந்த ஆண்டுதான் அடையாளம் காணப்பட்ட புதுச்சாயல் அது. எச்3என்2 1968இலிருந்தே ஊரறிந்த ரகம்தான். ஆனால் இந்த முகம் புதிது. இதைப் பிறகு பார்ப்போம்.

உள்ளே இருந்த நேரம்

அறிக்கையிலேயே முக்கியமான தகவல் இதுதான் என்பது என் எண்ணம். விமானத்துக்குள் எவ்வளவு நேரம் இருந்தார்களோ அதற்கேற்ப நோய் ஏறியிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேர் விழுந்தார்கள். சீக்கிரம் இறங்கிப் போனவர்களிடம் விகிதம் குறைவு, ஆனாலும் பாதியை ஒட்டியே இருந்தது.

ஒரே அறை, ஒரே நோயாளி. மாறியது கடிகாரம் மட்டும். அந்த மூன்று மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

ஒருவர் இருமுகிறார். கண்ணுக்குத் தெரியும் எச்சில் துளிகள் ஒன்று இரண்டு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். அவை முன்னிருக்கையின் முதுகில், மடக்கு மேசையில், அவருடைய மடியில் விழும். அவற்றோடு கண்ணுக்கே தெரியாத நுண்திவலைகளும் வருகின்றன. இவை விழுவதில்லை. ஊதுபத்திப் புகை போல மிதக்கும். ஜன்னல் திறந்திருந்தால், விசிறியோ காற்றோட்டமோ ஓடினால், கலைந்து வெளியே போய்விடும். நின்றுபோன விமானத்தில் அவை போக இடமில்லை. அடுத்த இருமலில் இன்னும் கொஞ்சம் சேரும். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். சாதாரணமாகப் பறக்கும்போது விமானக் காற்று மணிக்கு இருபது முப்பது தடவை மாறுகிறது. இன்றைய பெரிய விமானங்களில் அது நுண்வடிகட்டி வழியாகவும் போகிறது. அதனால்தான் விமானப் பயணம் நாம் பயப்படும் அளவுக்குத் தொற்றுக்கூடம் ஆவதில்லை. ஆபத்து தரையில் நிற்கும்போதுதான்.

நுண்திவலைகளில் அத்தனை வைரஸ் இருக்குமா என்று நெடுநாள் வாதம் நடந்தது. 2013இல் வந்த ஓர் ஆய்வில், நோயாளிகள் வெளியே விடும் மூச்சைப் பிடித்து அளந்தபோது, பெரிய துளிகளில் இருந்ததைவிட நுண்திவலைகளில் 8.8 மடங்கு அதிக வைரஸ் இருந்தது. 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஃப்ளூ வந்த 142 பேரை வைத்து நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: இருமாமல் சும்மா மூச்சு விட்டாலே தொற்றக்கூடிய வைரஸ் வெளியே வருகிறது.

காற்று ஒரு பாதை. கை இன்னொன்று. இருமும்போது அனிச்சையாக உள்ளங்கை வாய்க்குப் போகிறது. அதே கை கழிப்பறைத் தாழ்ப்பாளைத் திருகுகிறது. அடுத்து வருகிறவர் அதே தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு, இருக்கைக்குத் திரும்பியதும் கண்ணைக் கசக்குகிறார். பிளாஸ்டிக், எஃகு போன்ற வழவழப்பான பரப்பில் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கும். துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரம். பரப்பிலிருந்து கைக்கு ஒட்டிக்கொண்டபின் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. 1982இல் அளந்து சொன்ன கணக்கு இது. ஐந்து நிமிடம் குறைவாகத் தெரியலாம். ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் முகத்தைத் தொடாத மனிதர் யார்? இதை எழுதும்போதே நான் இரண்டு முறை தொட்டுவிட்டேன்.

இந்த விமானத்தில் எந்தப் பாதை எவ்வளவு பங்கு வகித்தது என்று பிரித்துச் சொல்லும் சோதனை எதுவும் நடக்கவில்லை. ஆனால் அறிக்கையை எழுதியவர்கள் கை காட்டியது நின்றுபோன காற்றோட்டத்தை. காற்றின் தரத்தை ஆராய்கிறவர்கள் பின்னாளில் இதே எண்களை எடுத்துக் கணக்குப் போட்டபோதும், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு உள்ளிழுத்தார் என்பதே கணக்கின் அடிப்படையாக இருந்தது.

நோயாளி மேல் பழி போட முடியுமா?

காய்ச்சலோடு எதற்கு விமானம் ஏற வேண்டும், வீட்டில் இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி இங்கே செல்லாது. நோய் தெரிந்ததே ஏறிய பிறகுதான். ஃப்ளூ உடம்புக்குள் நுழைந்து அறிகுறி காட்ட ஒன்று முதல் நான்கு நாள் ஆகும். பெரும்பாலும் இரண்டு நாள். அதிலும் விஷமம் என்னவென்றால், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸ் வெளியே வரத் தொடங்கிவிடும். தெரிந்த பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை வரும். சிறு குழந்தைகளிடமும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடமும் இன்னும் நீளும். ஆக, உடம்பு சரியில்லாவிட்டால் வீட்டில் இரு என்ற அறிவுரை நல்லதுதான், ஆனால் அதற்கு ஒரு நாள் ஓட்டை எப்போதும் உண்டு. அந்தப் பயணி அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தார். நீங்களும் நானும் அப்படித்தான் வருவோம்.

அப்படியென்றால் அந்தப் பிற்பகலில் கையில் இருந்த வழிகள் மிகக் குறைவு. இறங்கி வெளியே போவது ஒன்று. நோயாளிக்கு முகக்கவசம் கொடுப்பது இன்னொன்று. மேலே சொன்ன 2013 ஆய்விலேயே, நோயாளி சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் போட்டதும் பெரிய துளிகளில் வந்த வைரஸ் 25 மடங்கு குறைந்தது. நுண்திவலைகளில் குறைந்தது 2.8 மடங்குதான். பெரியதைப் பிடிக்கிறது, சிறியதைப் பாதிக்கு மேல் பிடிக்கிறது. மூன்று மணி நேரக் காத்திருப்பில் அது சின்ன உதவி இல்லை. ஆனால் 1977இல் விமானத்தில் இருமுகிற ஒருவருக்கு முகக்கவசம் கொடுக்கலாம் என்ற எண்ணம் யாருக்கு வந்திருக்கும்!

இரண்டு வாரம் முன்னால்

கடிகாரத்தைப் பின்னால் திருப்பினால் நாம் தடுப்பூசிக்கு வந்து நிற்கிறோம். ஊசி போட்டபின் எதிர்ப்புப்பொருள் போதிய அளவு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். இருமல் சத்தம் கேட்டபின் ஓடிப் போய்ப் போட்டால் அந்த ஆளுக்கு அந்த வாரம் பயனில்லை. ஃப்ளூ தடுப்பூசியைப் பருவம் தொடங்குமுன் போடச் சொல்வது இதனால்தான். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு முதல் முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை என்பதால், அவர்களுக்கு இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் அந்த விமானத்தின் காலம் சுவாரசியமானது. 1976 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் ஒரு வீரர் இறந்தார். பன்றி ஃப்ளூ ரகம் கண்டுபிடிக்கப்பட்டது. 1918 ஃப்ளூ கொள்ளைநோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் நாடு முழுக்கத் தடுப்பூசி இயக்கம். 1976 அக்டோபரில் தொடங்கி, 4 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போட்டார்கள். பயந்த ஃப்ளூ முகாமைத் தாண்டி வரவேயில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு, சுமார் ஒரு லட்சத்தில் ஒருவர் என்ற கணக்கில், கியான்-பாரே எனும் நரம்பு நோய் கூடுதலாக வந்ததால் டிசம்பரில் இயக்கத்தை நிறுத்தினார்கள். அடுத்த மார்ச்சில் நம் விமானம். அந்த நாட்டில் அதுவரை இல்லாத அளவுக்கு மக்கள் ஃப்ளூ ஊசி போட்டிருந்த குளிர்காலம் அது; ஆனால் பெரும்பாலோர் போட்டிருந்தது வேறொரு ஃப்ளூவுக்கு. பன்றி ஃப்ளூ ஊசி எச்3என்2வைத் தடுக்காது. திருடன் வருவான் என்று வாசலில் காவல் போட்டார்கள். அவன் கொல்லைப்புறமாக வந்தான்.

இந்தக் கதையிலிருந்து தடுப்பூசி வீண் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் எடுத்துக்கொள்வது வேறு: ஃப்ளூ தடுப்பூசி என்பது ஒரு பொருள் இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒரு கணிப்பு. 1952இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பு, எந்த ரகம் எங்கே சுற்றுகிறது என்று ஆண்டு முழுக்கப் பார்க்கிறது. பிப்ரவரியில் கூடி வட அரைக்கோளத்துக்கும், செப்டம்பரில் கூடி தென் அரைக்கோளத்துக்கும் எந்த ரகங்களை ஊசியில் சேர்ப்பது என்று முடிவெடுக்கிறார்கள். அப்புறம் அவற்றைப் பெரும்பாலும் கோழி முட்டைக் கருவில் வளர்த்து, கொன்று, சுத்திகரித்து, குப்பியில் அடைக்கக் கிட்டத்தட்ட ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் வைரஸ் சும்மா இருப்பதில்லை. எச்3என்2 ரகம் இதில் கைதேர்ந்தது. நம் விமானத்தில் வந்த டெக்சாஸ் முகம், அதற்கு முன் சுற்றிய விக்டோரியா முகத்திலிருந்து நழுவி வந்ததுதான்.

எனவே கணிப்பு சில ஆண்டுகள் பலிக்கும், சில ஆண்டுகள் சறுக்கும். ரகம் பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. 2014-15இல் எச்3என்2 நழுவியபோது அமெரிக்காவில் இது 19 சதவீதமாக விழுந்தது. இதைச் சொல்லத் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் ஜனங்கள் போட மாட்டார்களாம். மறைத்தால்தான், ஊசி போட்டும் காய்ச்சல் வந்தவர் ஊரெல்லாம் போய் ஊசியே பொய் என்று சொல்வார். ஊசி போட்டவருக்குக் காய்ச்சல் வரலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் சேரும் நிலைக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் போகும் வாய்ப்பு குறைகிறது. முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இது பெரிய விஷயம். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்கு கூடியிருந்தது. ஃப்ளூ காய்ச்சலோடு முடிந்துவிடுவதில்லை.

ஊசியால்தான் எனக்கு ஃப்ளூ வந்தது என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கையில் போடும் ஊசியில் இருப்பது செத்த வைரஸ் அல்லது அதன் துண்டு. அது நோயை உண்டாக்காது. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு கணகணக்கும். அது உடம்பு பாடம் படிக்கும் அறிகுறி. உண்மையாகவே காய்ச்சல் வந்தவர் பெரும்பாலும் வேறு சளி வைரஸை வாங்கியிருப்பார், அல்லது அந்த இரண்டு வார இடைவெளியில் ஃப்ளூவையே வாங்கியிருப்பார். மூக்கில் தெளிக்கும் மருந்தில் உயிருள்ள வைரஸ் உண்டு, ஆனால் குளிர்ந்த மூக்கில் மட்டும் வளரும்படி பழக்கியது. நுரையீரலின் வெப்பத்தில் அது வளராது.

சரி, 54 பேரும் அந்த ஆண்டுக்குப் பொருந்திய ஊசி போட்டிருந்தால்? முதல் பயணிக்கே நோய் வராமல் போயிருக்கப் பாதி வாய்ப்பு. அப்படி வந்திருந்தாலும், அந்தக் காற்றை உள்ளிழுத்த 53 பேரில் பாதிப் பேருக்காவது உடம்பில் காவல் இருந்திருக்கும். இது என் மனக்கணக்குதான். விமானத்தில் யாரும் இதைச் சோதிக்கவில்லை. ஆனால் இதே தர்க்கத்தை ஊர் அளவில் சோதித்திருக்கிறார்கள். 2008-09இல் கனடாவில், ஹட்டரைட் என்ற கிறித்தவ சமூகத்தினர் கூடி வாழும் 49 குடியிருப்புகளில் ஒரு சோதனை நடந்தது. சில குடியிருப்புகளில் மூன்று முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி, மற்றவற்றில் வேறொரு ஊசி. பெரியவர்களுக்கு எதுவும் போடவில்லை. பிள்ளைகள் ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில், ஊசி போடாத மற்றவர்களுக்கும் ஃப்ளூ 61 சதவீதம் குறைந்தது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கி வராவிட்டால் தாத்தா பாட்டிக்கு வருவது குறைகிறது. ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கு ஊசியே போட முடியாது. கர்ப்பத்தின்போது தாய் போட்டுக்கொண்டதும், வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொண்டதும்தான் அதற்குக் காவல்.

விமானத்திலிருந்து இறங்கிய பிறகு

அறிக்கைகளில் அதிகம் பேசப்படாத பகுதி இது. ஆனால் கை கழுவுவதும் வாயை மூடுவதும் உண்மையாகவே விளையாடும் களம் இதுதான்.

அந்த 53 பேரும் வீட்டுக்குப் போனார்கள். 38 பேர் உடம்புக்குள் வைரஸ் பெருகிக்கொண்டிருந்தது, அவர்களுக்கே தெரியாமல். ஒவ்வொரு வீடும் இன்னொரு சின்ன விமானம். இங்கே நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை ஹாங்காங்கில் 259 குடும்பங்களை வைத்து நடந்து 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ உறுதியானதும் சில குடும்பங்களுக்குக் கை சுத்தம், சிலவற்றுக்குக் கை சுத்தத்தோடு முகக்கவசம், சிலவற்றுக்கு அறிவுரை மட்டும். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முதல் அறிகுறி தோன்றி 36 மணி நேரத்துக்குள் தொடங்கிய குடும்பங்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, முகக்கவசமும் கை சுத்தமும் சேர்ந்து பரவலைக் குறைத்திருந்தன. நம்மில் எத்தனை பேர் 36 மணி நேரத்துக்குள் தொடங்குகிறோம்? முதல் நாள், வெயிலில் அலைந்தது என்போம். இரண்டாம் நாள், மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்போம். மூன்றாம் நாள் டாக்டரிடம் போய்விட்டு வந்து, தனி டம்ளர் எடுத்து வைப்போம். அதற்குள் வீட்டில் இன்னொருவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். ஒசெல்டமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்கிறது. மூன்றாம் நாள் என்பது ஃப்ளூவில் தாமதம்.

கை கழுவுவதை அளவுக்கு மீறிப் புகழ்வதும் எனக்கு உடன்பாடில்லை. பாங்காக்கில் வீடுகளில் நடந்த சோதனையில், கை கழுவியதால் மட்டும் வீட்டுக்குள் ஃப்ளூ குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. ஒரே அறையில் ஒரே காற்றை மூச்சாக இழுத்துக்கொண்டு கையை மட்டும் தேய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்கா விமானமே பதில். கை ஒரு பாதையை அடைக்கிறது. அது அடைக்க வேண்டிய பாதைதான். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர், மூக்குத் துடைத்த காகிதத்தையும் குடித்த டம்ளரையும் எடுக்கிறவர், அவர் கை சோப்புக்குப் போயே ஆக வேண்டும். ஃப்ளூ வைரஸுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். இருபது வினாடி என்று சொல்வது அதற்கான நேரம்தான். சானிடைசரில் 60 சதவீதமாவது ஆல்கஹால் இருக்க வேண்டும். ஒரு நுணுக்கம்: ஈரமான சளி கையில் ஒட்டியிருக்கும்போது சானிடைசரை நம்பாதீர்கள். ஜப்பானின் கியோட்டோவில் 2019இல் வெளியான ஆய்வில், ஈரச் சளிக்குள் இருந்த ஃப்ளூ வைரஸ், எத்தனால் தடவி இரண்டு நிமிடம் ஆன பிறகும் உயிர்ப்போடு இருந்தது. ஓடும் தண்ணீரில் கழுவியபோது அரை நிமிடத்தில் போய்விட்டது. சளி, ஆல்கஹாலை உள்ளே விடாமல் பிடித்துக்கொள்கிறது. மூக்கைச் சிந்திய கைக்குக் குழாய்தான் முதலில்.

இருமும்போது உள்ளங்கைக்குப் பதில் முழங்கை மடிப்பு என்பதன் நியாயமும் இதுதான். முழங்கையால் யாரும் தாழ்ப்பாளைத் திருகுவதில்லை. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் ஆயுள் முழுக்க உள்ளங்கை.

இவையெல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகமே ஒரு தடவை பார்த்துவிட்டது. கொரோனா காலத்து 2020-21 பருவத்தில் ஃப்ளூ உலகெங்கும் கிட்டத்தட்டக் காணாமல் போனது. முகக்கவசம், கை சுத்தம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. பள்ளிகள் மூடியிருந்தன, விமானங்கள் நின்றிருந்தன, யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த விலையை ஆண்டுதோறும் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு தடயம் மிச்சமிருக்கிறது. பி/யமகாட்டா என்ற ஃப்ளூ கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்ணில் படவேயில்லை. நான்கு ரகம் அடங்கிய தடுப்பூசியில் இருந்து அதை எடுத்துவிட்டு, மறுபடி மூன்று ரகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

மிச்சமிருக்கும் கேள்விகள்

ஒரே விமானம், 54 பேர். இதை வைத்து எல்லா இடத்துக்கும் விகிதம் சொல்ல முடியாது. நின்றுபோன காற்றோட்டமும் புதுமுக வைரஸும் ஒரே பிற்பகலில் சேர்ந்துகொண்டன. 38 பேரில் ஓரிருவர் வேறெங்காவது வாங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. குளிர்காலத்தில் காற்றின் வறட்சியும் உதவியிருக்கலாம்: 2007இல் கினிப் பன்றிகளை வைத்து நடந்த சோதனையில், குளிரும் வறண்ட காற்றும் இருந்தபோது ஃப்ளூ ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்குச் சுலபமாகத் தாவியது. சூடாக்கிய அறைகளில் ஈரப்பதம் மளமளவென்று இறங்கும். எனவே இங்கே ஏறிய 72 சதவீதத்தை உச்ச எல்லை போலப் படிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்திலோ வகுப்பறையிலோ அவ்வளவு வராது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் கூட்டம் நடத்தினால் எந்தப் பக்கம் நகர்வோம் என்பது மட்டும் தெரிகிறது.

விமானங்களுக்கு ஒரு விதி பின்னால் வந்தது. காசநோயும் விமானப் பயணமும் குறித்து உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில் அது இருக்கிறது: பயணிகளோடு விமானம் தரையில் 30 நிமிடத்துக்கு மேல் நின்றால், உள்ளே போதிய காற்றோட்டம் இருந்தாக வேண்டும். அன்று அலாஸ்காவில் நின்ற நேரம் அதைப் போல ஆறு மடங்கு.